இடையில் நின்ற இற்றைப்படுத்தலும் கைநழுவிய நிர்வாகியுரிமையும்

எல்லவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதம் தெமோதரையில் ஒரு விந்தை புரிகின்றது. நிலையத்தை விட்டு நீங்கிய வண்டி, மலையைச் சுற்றி இறங்கி வந்து, தான் சற்றுமுன் நின்ற அந்நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட சுரங்கத்தினுள் நுழைந்து அப்பால் ஏகுகின்றது. 1924ஆம் ஆண்டிற் பதுளை வரை நீண்ட இப்பாதையை வகுத்தோர், செங்குத்தான நிலத்தில் உயரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தற்பொருட்டே இவ்வளையத்தை அமைத்தனர். வளையமாயினும் அதற்கு வெளிவழி உண்டு. வெளிவழி தெரியாத வளையமொன்றைக் கணினித் திரையிற் கண்டு திகைத்து நிற்பார் இக்காலத்திற் பலர். பொறியை முடுக்கியதும், மாற்றங்களை நிறைவேற்ற இயலவில்லை என்றும் அவை மீளப் பெறப்படுகின்றன என்றும் ஓர் அறிவிப்பு எழும், பொறி தானே அணையும், தானே எழும், மறுபடியும் அவ்வறிவிப்பே தோன்றும்.

இந்நிலை ஏன் நேர்கின்றது, இதனை எவ்வாறு தீர்ப்பது என்பனவும், இதனோடு பிரியாது வருகின்ற நிர்வாகியுரிமைச் சிக்கலுமே ஈண்டு ஆராயப்படுவன. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றும். ஆயினும், முதலாவதற்கு மருந்து தேடிப் புகுவோர் இரண்டாவதன் வாயிலில் தடைப்பட்டு நிற்றலே பெரும்பான்மை. ஏனெனின், பழுதுற்ற முறைமையைச் செப்பனிடும் கட்டளைகள் அனைத்தும் நிர்வாகிக்கே கீழ்ப்படிவன.

யாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லுதல் தகும். எல்லப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிலே, 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பிற்பகல் ஒன்றில், ஊவா மலைகளுக்கு வழமையான இடிமழை தொடங்கியது. அவ்வேளை ஆய்வுகூடத்துக் கணினிகளுள் ஒன்று விண்டோஸ் 10இன் புதிய பதிப்பைத் தன்னுள் நிறுவிக்கொண்டிருந்தது. மின்சாரம் போயிற்று. மாலையில் மின்சாரம் மீண்டபோது, கணினி மேற்கூறிய வளையத்துட் சிக்கியிருந்தது. அதனுள்ளே மூன்றாண்டுக் காலத்துத் தவணைப் பரீட்சைப் புள்ளிகள் இருந்தன. அவற்றினும் அரியதொன்றும் இருந்தது. மாணவர் சிலர் லயங்களுக்குச் சென்று, காமன் கூத்துப் பாடவல்ல முதியவர் ஒருவரை அமர்த்திப் பல மணிநேரம் ஒலிப்பதிவு செய்திருந்தனர். பதிவான சில மாதங்களில் அம்முதியவர் காலமானார். அப்பதிவுக்கு வேறு பிரதி இல்லை. பொறியைச் செப்பனிடப் புகுந்தபோது அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அச்சொல்லை அறிந்திருந்த ஆசிரியரோ இடமாற்றம் பெற்றுச் சென்று ஈராண்டு கழிந்திருந்தது. தொலைபேசியில் அழைத்தபோது, தாம் அதனை மறந்துவிட்டதாக அவர் நேர்மையுடன் கூறினார்.

முதலில் இற்றைப்படுத்தல் என்பது யாது எனக் காண்போம். பணிசெயல் முறைமை என்பது ஒரு நூலன்று. பல்லாயிரம் கோப்புக்களின் தொகுதி. அவற்றுட் பல, கணினி இயங்கும் பொழுதெல்லாம் பயன்பாட்டில் இருப்பன. ஓடும் வண்டியின் சக்கரத்தைக் கழற்றல் இயலாதவாறு போல, பயன்பாட்டிலுள்ள கோப்பை மாற்றுதலும் இயலாது. ஆதலின் இப்பணி மூன்று கட்டங்களாக நடைபெறுகின்றது. புதிய கோப்புக்கள் இணையவழி இறக்கப்பட்டு, அவை உரியவரிடமிருந்தே வந்தனவா, குறைவின்றி வந்தனவா எனச் சோதிக்கப்படுதல் முதற்கட்டம். கூறுகளின் களஞ்சியம் எனத்தகும் ஒரு கோப்புறையிற் புதியன பழையனவற்றின் அருகே அடுக்கப்பட்டு, மாற்றவேண்டியவற்றின் பட்டியல் எழுதப்படுதல் இரண்டாவது. கணினி அணைந்து எழும் இடைவெளியில், கோப்புக்கள் எவராலும் கையாளப்படாத அச்சிறு பொழுதில், பட்டியலின்படி மாற்றம் நிகழ்தல் மூன்றாவது.

மூன்றாங் கட்டத்தில் இடர் நேரின், முறைமை தன் பட்டியலைத் திருப்பி வாசித்துப் பழைய நிலைக்கு மீள முயலும். பழைய கோப்புக்கள் களஞ்சியத்தில் இன்னும் இருத்தலாலேயே அவ்வாறு மீளுதல் கூடுகின்றது. வட்டிலே இடம் போதாதென்று அக்களஞ்சியத்தைக் கையால் அழிப்பாருளர். அவர் தாம் திரும்பிவரும் பாலத்தைத் தாமே தகர்ப்பவராவர். மின்சாரம் இடையில் அறுந்து, பட்டியலே பாதியில் நின்றுவிடுமாயின், முன்னேறவும் இயலாது, பின்வாங்கவும் இயலாது, கணினி வளையத்துள் அகப்படும்.

மின்தடையொன்றே காரணமன்று. வட்டில் இடமின்மை, களஞ்சியத்துக் கோப்புக்கள் சில சிதைந்திருத்தல், அச்சுப்பொறி முதலிய துணைக்கருவிகளின் செலுத்தி மென்பொருள் புதிய பதிப்போடு இணங்காமை என்பனவும் உள. எக்காரணமாயினும் முறைமை ஒரு பிழையெண்ணைத் தரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாது பொறியை அணைத்து அணைத்து முடுக்குதல் நம்மவரின் பொது வழக்கம். எனினும் எண்ணையும் முற்றாக நம்புதற்கில்லை. 2024 ஜனவரி 9ஆம் நாள் மைக்ரோசொப்ற் நிறுவனம் வெளியிட்ட 5034441 என்னும் இலக்கமுடைய இற்றைப்படுத்தல் விண்டோஸ் 10 கணினிகள் பலவற்றில் நிறுவப்பட மறுத்து, 80070643 என முடியும் பிழையெண்ணைக் காட்டியது. அவ்வெண்ணின் பொருள் 'நிறுவுதல் தோல்வி' என்பதே. தோல்வியுற்றவனிடம் 'நீ தோல்வியுற்றாய்' எனச் சொல்வதாற் பயன் யாது? மெய்க்காரணம் வேறு. வட்டின் ஓரத்தில் மீட்புச் சூழலுக்கென ஒதுக்கப்பட்ட சிறு பிரிவில் 250 மெகாபைற்று வெற்றிடம் வேண்டியிருந்தது; பழைய கணினிகள் பலவற்றில் அவ்விடம் இருக்கவில்லை. முதன்மைப் பிரிவில் எத்துணை இடம் வெறிதாகக் கிடப்பினும் அது உதவவில்லை. அரங்கு நிறைய நெல்லிருந்தும் படியளக்கும் மரக்கால் சிறுத்தது போலும்.

இனிச் செப்பனிடும் முறை. கணினி எழுந்து இயங்குமாயின், முதன்மைப் பிரிவிற் பல கிகாபைற்று இடம் வெறிதாக உள்ளதா என நோக்குக. இன்றியமையாதன அல்லாத துணைக்கருவிகளைக் கழற்றுக. அதன்பின் இறக்கிய கோப்புக்கள் தேங்கும் கோப்புறையைப் புதுப்பிக்கலாம். அதற்கு, இற்றைப்படுத்தற் சேவையை நிறுத்தி, அக்கோப்புறையின் பெயரை மாற்றி, சேவையை மீளத் தொடக்கினால், முறைமை தனக்கென வேறொரு கோப்புறையை ஆக்கிக்கொண்டு யாவற்றையும் புதிதாக இறக்கும். அழிக்காது பெயரை மாற்றுக என்பதன் கருத்து, நம் எண்ணம் பிழையாயின் பழையதை மீட்டற்கு இடம் வைத்தலே.

இதனாலும் தீராதாயின், சிதைந்த கோப்புக்களைத் திருத்தும் கட்டளைகள் இரண்டு உள. அவை டிஸ்ம் எனவும் எஸ்.எப்.சி எனவும் வழங்கும். இவற்றை எம்முறையிற் கையாள்வது என்பதிற் பலர் மயங்குகின்றனர். எஸ்.எப்.சி, இயங்கும் கோப்புக்களைக் களஞ்சியத்துப் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பழுதானவற்றை மாற்றும். டிஸ்ம், களஞ்சியத்தையே இணையத்திலுள்ள நல்ல பிரதிகளைக்கொண்டு திருத்தும். களஞ்சியம் பழுதாயிருக்கையில் எஸ்.எப்.சியை ஏவுதல், கெட்ட விதைநெல்லை எடுத்து நாற்றுவிடுதல் போலாம். ஆதலின் டிஸ்ம் முன்னும் எஸ்.எப்.சி பின்னுமாக ஏவுதலே முறை. இணையவசதி குன்றிய இடத்தில், அதே பதிப்பின் நிறுவற் கோப்பு அடங்கிய செருகு நினைவகத்தை டிஸ்மிற்கு மூலமாகக் காட்டலாம். குன்றின் உச்சிக்கு ஏறினாலன்றிக் கைபேசிக்கு அலை எட்டாத லயங்கள் உள்ள நாட்டில் இது சிறு குறிப்பன்று.

கணினி எழவே மறுப்பின், மீட்புச் சூழலை நாடவேண்டும். தொடக்கம் அடுத்தடுத்துத் தவறுமாயின் முறைமை தானாகவே அச்சூழலுட் புகும். இறுதியாக வந்த இற்றைப்படுத்தலை நீக்கும் தெரிவும், இன்றியமையாத செலுத்திகளோடு மட்டும் எழும் பாதுகாப்பு நிலையும் ஆண்டு உண்டு. புதிய பதிப்பொன்றை நிறுவிய பின்னர்ப் பழையதற்குத் திரும்ப விரும்புவோர்க்குப் பொதுவாகப் பத்து நாள் தவணை உண்டு. அதன்பின் பழைய பதிப்பின் கோப்புக்கள் அழிக்கப்பட்டுவிடும்.

இவ்வழிகளுட் பெரும்பாலானவற்றின் முகப்பில் நிற்கும் காவலனே நிர்வாகி. தோட்டத்திற் செக்ரோல் எனப்படும் பெயர்ப்பதிவேட்டை யாவரும் அறிவர். அதிலே தம் பெயருக்கு எதிரே எத்தனை நாட்பெயர் விழுந்துள்ளது என வினவும் உரிமை கொழுந்து பறிப்போர் எவர்க்கும் உண்டு. ஆயின் அதில் எழுதும் கை ஒன்றே. கணினியிலும் பொதுப் பயனர் தம் கோப்புக்களை ஆக்கலாம், அழிக்கலாம். முறைமையின் கோப்புக்களை மாற்றுதல் நிர்வாகிக்கே உரியது. 2007இற் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்ரா தொடக்கம் நிர்வாகியும் எந்நேரமும் நிர்வாகியாக இருப்பதில்லை. அவர் பொதுப் பயனரின் வலுவோடே பணிபுரிவார். பெருமாற்றம் ஒன்று வேண்டப்படும்போது முறைமை அவர் இசைவைக் கேட்டு, அச்செயலுக்கு மட்டும் உயர்ந்த உரிமையை வழங்கும். கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறக்கவேண்டும் என நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. நிர்வாகியாகவே உள்நுழைந்தும் கட்டளை மறுக்கப்படுகிறதே என வருந்துவோர் இந்நுட்பத்தை அறியாதவராவர்.

ஒவ்வொரு விண்டோஸ் முறைமையிலும் நிறுவும்போதே பிறக்கும் ஒரு நிர்வாகிக் கணக்கும் உண்டு. அதன் அடையாள எண் எப்போதும் 500 என முடியும். அதன் பெயரை மாற்றினும் எண் மாறாது. விண்டோஸ் எக்ஸ்பி வழங்கிய காலத்தில் வீடுகளிலிருந்த கணினிகள் பலவற்றில் இக்கணக்கு கடவுச்சொல் இன்றியே கிடந்தது; பாதுகாப்பு நிலையில் எழுப்பினால் எவரும் அதன்வழி உட்புகலாம். அந்நாளிற் கணினி திருத்துவோர் பலரின் மந்திரவித்தை இதுவே. விஸ்ரா முதல் இக்கணக்கு முடக்கப்பட்ட நிலையிலேயே வருகின்றது. ஆதலின் பழைய வித்தை பலிப்பதில்லை. பலியாமை நன்றே, திருத்துவோனுக்குத் திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததன்றோ?

கடவுச்சொல்லை மறந்தார் அதனைக் கணினியிலிருந்து படித்தறிதல் கூடுமா எனப் பலர் வினவுவர். கூடாது. கணினி அச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதனை ஒரு கணித முறையால் அரைத்துப் பெற்ற எச்சத்தையே சேமிக்கின்றது. அரைத்த மாவிலிருந்து அரிசியை மீளப் பெறுதல் இயலாதது போல எச்சத்திலிருந்து சொல்லைப் பெறுதலும் நேர்வழியில் இயலாது. ஆகவே செய்யத்தக்கது பழைய சொல்லைக் கண்டறிதலன்று, புதிய சொல்லை இடுதலே. அதற்குரிய வழிகள் சில: அதே பொறியில் மற்றொரு நிர்வாகி இருப்பின் அவர் மாற்றலாம், மைக்ரோசொப்ற் கணக்காயின் வேறொரு கருவியின் வாயிலாக இணையவழி மாற்றலாம், உள்ளூர்க் கணக்காயின் முன்னரே அமைத்த பாதுகாப்பு வினாக்களுக்கு விடையிறுத்து மாற்றலாம். இவற்றுள் ஒன்றுமே இல்லையாயின் முறைமையைப் புதிதாக நிறுவுதலே எஞ்சும். ஓர் எச்சரிக்கை: விண்டோஸின் கோப்புக் குறியாக்க வசதியாற் பூட்டிய கோப்புக்கள் இருப்பின், பிறர் ஒருவர் கடவுச்சொல்லை வலிந்து மாற்றும்போது அக்கோப்புக்களைத் திறக்கும் வழி அடைபட்டுப்போகும்.

இவற்றுக்கு மேலும் ஒரு பூட்டு இப்போது வந்துள்ளது. பிற்லொக்கர் என்னும் குறியாக்கம் வட்டு முழுவதையும் மறைமொழியாக்கிவிடும். அதன் மீட்புத் திறவுகோல் 48 இலக்கங்களைக் கொண்டது. விண்டோஸ் 11இன் 2024ஆம் ஆண்டுப் பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசொப்ற் கணக்கால் உள்நுழைவோரின் கணினிகளில், தகுந்த வன்பொருள் இருப்பின், இத்தகைய குறியாக்கம் தானாகவே தொடங்குகின்றது. உரிமையாளர் அறியாமலே அவர் வீட்டுக்குப் புதுப்பூட்டு வந்துவிட்டது. திறவுகோலின் பிரதி அவர் இணையக் கணக்கிலே கிடக்கின்றது. கணக்கின் கடவுச்சொல்லையும் மறந்தவர்க்கு இரு கதவுகளும் ஒருங்கே அடைபடும்.

இவ்விரு கதவுகளும் உலகளாவ அடைபட்ட நாள் 2024 ஜூலை 19. அன்று இலங்கை நேரம் முற்பகல் 9.39 மணிக்கு, குறவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்குச் சிறிய தரவுக் கோப்பொன்றை அனுப்பியது. அது விண்டோஸ் முறைமையின் இற்றைப்படுத்தல் அன்று. ஆயினும் அம்மென்பொருள் முறைமையின் கருவறைக்குள் நின்று இயங்குவதாதலின் விளைவு ஒன்றே. புதிய விதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. மென்பொருள் கொடுத்தனவோ 20. இல்லாத இருபத்தோராவதைத் தேடி நினைவகத்தின் எல்லைக்கு அப்பாற் சென்ற மென்பொருள் வீழ, அதனோடு முறைமையும் வீழ்ந்தது. எழுந்த பொறி மீளவும் அக்கோப்பையே வாசித்து வீழ்ந்தது. ஒன்றேகால் மணிநேரத்திற் கோப்பு திரும்பப் பெறப்பட்டதாயினும், அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. உலகின் விண்டோஸ் கணினிகளுள் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்த தொகையே இது என்று மைக்ரோசொப்ற் கணக்கிட்டது. அவ்வொன்றினும் குறைந்த தொகைக்கே இந்திய விமான நிலையங்களிற் பயண அனுமதிச் சீட்டுக்களைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அமெரிக்காவின் டெல்ரா நிறுவனம் மட்டும் சில நாள்களில் ஏறத்தாழ 7000 பறப்புக்களைக் கைவிட்டது.

பரிகாரமோ மிக எளியது. பாதுகாப்பு நிலையில் எழுப்பி, 291 என்னும் எண்ணைப் பெயரிற் கொண்ட அக்கோப்பை அழித்தல் வேண்டும், அவ்வளவே. ஆயின் அதைச் செய்தற்கு ஒவ்வொரு பொறியின் முன்னும் ஒருவர் சென்று அமர்தல் வேண்டும். அவரிடம் நிர்வாகியுரிமை வேண்டும். வட்டு பூட்டப்பட்டிருப்பின் அதற்குரிய 48 இலக்கமும் வேண்டும். அத்திறவுகோல்களைச் சேமித்து வைத்த கணினிகளே நீலத்திரை காட்டி நின்ற நிறுவனங்களும் இருந்தன. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அதனை இத்துணைப் பெரிய அளவில் உலகம் முன்பு கண்டதில்லை.

இந்நிகழ்ச்சியைக் கண்டு, இற்றைப்படுத்தலே தீது, அதனை நிறுத்திவைத்தலே அறிவுடைமை என்று கூறுவார் தொகை பெருகிற்று. யாம் அதனோடு உடன்படோம். உடன்படாமைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2023 ஓகஸ்ட் 26ஆம் நாள் இலங்கை அரசின் முகில் முறைமை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அரச அலுவலகங்களுக்குரிய ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன; அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். சேவை விரைவில் மீட்கப்பட்டபோதும், மே 17 தொடக்கம் அந்நாள் வரையிலான மின்னஞ்சல்கள் மீளவில்லை. காப்புப்பிரதியும் அதே முறைமையோடு இணைந்திருந்தமையின் அதுவும் மறைமொழியாக்கப்பட்டுவிட்டது. இயங்கிக்கொண்டிருந்த மென்பொருள் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் நாளே முடிவுற்றிருந்தது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் முன்னரே இருந்தும் நிதிக்குறையால் அது தள்ளிப்போயிற்று என்று பொறுப்புடையோர் விளக்கினர். 2017 மே 12ஆம் நாள் பரவிய வன்னாக்கிறை என்னும் தீநிரலும், அதற்கு இரண்டு மாதங்கட்கு முன்னரே வெளியாகியிருந்த திருத்தத்தை நிறுவாத பொறிகளிலேதான் புகுந்து பிரித்தானிய மருத்துவமனைகளை நிலைகுலையச் செய்தது.

தோட்டப் பாடசாலைக் கணினிக்குத் திரும்புவோம். அதன் வட்டு குறியாக்கம் செய்யப்படாதிருந்தமை எம் நற்பேறு. பொறியைத் திறந்து வட்டைக் கழற்றி, மற்றொரு கணினியில் இரண்டாம் வட்டாக இணைத்தோம். கோப்புக்கள் யாவும் அவ்வண்ணமே இருந்தன. எவருடைய கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை. கடவுச்சொல் என்பது முறைமையின் வாயிலுக்குக் காவலேயன்றி வட்டிலுள்ள எழுத்துக்களுக்குக் காவலன்று என்னும் உண்மை அன்று மாணவர்க்கு விளங்கியது. அருகில் நின்ற மாணவி ஒருத்தி, "சேர், அப்படியானால் பரீட்சைப் புள்ளிகளை எவரும் இப்படி எடுத்துப் பார்க்கலாமே!" என்றாள். ஆம் என்பதே விடை. பூட்டாத வட்டை மீட்பது எளிது, களவாடுவதும் எளிது. பூட்டிய வட்டைக் களவாடுவது அரிது, திறவுகோல் தொலைந்தால் மீட்பதும் அரிது. எது வேண்டும் என்பதைக் கணினியின் உரிமையாளர் முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும்.

முதியவரின் குரலைப் பிரதி செய்து இரண்டு செருகு நினைவகங்களில் இட்டபின் முறைமையைப் புதிதாக நிறுவினோம். இம்முறை நிர்வாகிக் கணக்குகள் இரண்டு ஆக்கப்பட்டன. மாணவர்க்குப் பொதுப் பயனர் கணக்கே கொடுக்கப்பட்டது. கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டு, அதிபரின் இரும்புப் பெட்டியில் வைத்துச் சம்பவத் திரட்டிலும் பதிவு செய்தோம். கடவுச்சொல்லைத் தாளில் எழுதலாகாது என்னும் பொது விதிக்கு இது மாறானதே. ஆயினும் அவ்விதி தனி ஒருவர்க்கு உரியது. ஆசிரியர் வருவர், போவர், பாடசாலை நிற்கும். இடமாற்றம் பெறும் ஆசிரியர் பொருட்பதிவேட்டின்படி மேசை நாற்காலிகளை ஒப்படைப்பது போல நிர்வாகியுரிமையையும் ஒப்படைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டும் பாதுகாப்புச் சில்லு அப்பாடசாலையின் பழைய கணினிகளில் இல்லை. ஆகவே அவற்றுள் இரண்டு இப்போது உபுண்டு என்னும் லினக்ஸ் முறைமையிற் பணிபுரிகின்றன. ஆண்டும் இற்றைப்படுத்தல் இடையில் நிற்பதுண்டு. பாதியில் நின்ற பொதிகளை மீள அமைக்கும் ஒற்றைக் கட்டளையே பெரும்பாலும் போதும். அதனை ஏவுதற்கும் நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அச்சொற்களும் அவ்வுறையிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. சென்ற தவணையில் அதிபர் மாறினார்; உறை புதியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்னும் குறிப்பு சம்பவத் திரட்டில் உள்ளது.